இரண்டு மணிக்கு மாற்று ஆள்

முத்தரசு முதல் நாள் வேலைக்குக் கானாடுகாத்தானில் வந்து இறங்கியபோது காலை எட்டு மணி. சித்திரை வெயில் அதற்குள் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. செக்யூரிட்டி கம்பெனி கொடுத்த நீலச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டைக்கும் முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். நாலு வருஷம் பனிமலையில் நாட்டுக்குக் காவல் நின்றவன், இனி ஆளில்லாத ஒரு வீட்டுக்குக் காவல் நிற்க வேண்டும். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. அவனுக்கு இருபத்தாறு வயது.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிந்தது. முன்வாசலில் நின்று கத்தினாலும் பின்வாசலில் இருப்பவருக்கு என்னவென்று விளங்காது. வீட்டுக்கார ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். தினமும் காலையில் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் பத்து மணிக்குப் போய்விடும் செந்தாமரைதான் சாவிக்கொத்தோடு அவனுக்காகக் காத்திருந்தாள்.

"வாங்க தம்பி. பட்டாளத்துல இருந்தீகளாமே?"

"ஆமாக்கா."

"பென்ஷன் வருமே, பெறகு எதுக்கு இந்த வேலைக்கு வாரீக?"

"நாலு வருசத்துக்குத்தான் எடுத்தாகக்கா. பென்ஷனெல்லாம் கெடையாது."

செந்தாமரை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ தப்பு செய்து துரத்தப்பட்டவன் என்று நினைத்திருப்பாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல அவனுக்கு இப்போது தெம்பில்லை.

அவள் உள்ளே கூட்டிப்போனாள். வெளியே கொளுத்தினாலும் உள்ளே சுவர்கள் குளுகுளுவென்று இருந்தன. நடுவில் வானம் பார்த்த பெரிய வளவு, சுற்றிலும் கருத்த தேக்குத் தூண்கள், வௌவால் எச்சமும் பழைய மரமும் கலந்த வாடை. வளவின் ஒரு சுவரில் ஆள் உயரத்தைவிடப் பெரிதாக ஒரு பெல்ஜியம் கண்ணாடி சாய்ந்து தொங்கியது. அதை ஒட்டித்தான் பின்கட்டுக்குப் போகும் நடை. நீளமான, ஜன்னல் இல்லாத, பகலிலும் இருட்டிக் கிடக்கிற நடை.

"அங்குட்டுப் போனா அடுப்படி, கெணறு, பின்வாசல். பேயி கீயின்னு எவனாச்சும் கதை விட்டா நம்பாதீக. இருவது வருசமா ஒத்தப் பொம்பளையா பெருக்குறேன். வௌவாலத் தவுர இங்க ஒண்ணும் கெடையாது."

அவள் சொன்னது உண்மைதான். முத்தரசு வந்து சேர்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஒன்றும் இருந்ததில்லை.

முதல் நாள் மதியம், பன்னிரண்டு மணி இருக்கும். முகப்பில் நாற்காலி போட்டுச் சோற்று டப்பாவைத் திறந்தான். மனைவி நாகஜோதி கட்டிக் கொடுத்த புளிச்சோறு. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்கும்போது உள்ளே இருந்து அந்தச் சத்தம் கேட்டது.

தப். தப். தப். தப்.

யாரோ நடக்கிற சத்தம் இல்லை. நடந்தால் சத்தம் இடம் மாற வேண்டும். இது ஒரே இடத்தில் நின்றது. நின்ற இடத்திலேயே கனத்த பூட்ஸ் காலை மாற்றி மாற்றித் தரையில் தட்டுகிற சத்தம்.

முத்தரசின் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. ஏன் அப்படித் தட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். காலில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தட்டுவார்கள்.

இரண்டு மணிக்குச் சத்தம் நின்றது.

* * *

வீரபாண்டியனும் முத்தரசும் காளையார்கோவில் பக்கம் ஒரே ஊர், ஒரே வகுப்பு. ஒரே நாளில் ஆள் எடுப்புக்கு ஓடினார்கள். வீரபாண்டியன் முதலாவதாக வந்தான், முத்தரசு எட்டாவதாக. அன்றைக்குத் தொடங்கியது முத்தரசின் வயிற்றெரிச்சல் என்று சொல்ல முடியாது. அதற்கும் முன்னால், பள்ளிக்கூடத்திலேயே வீரபாண்டியன் அவனைவிட நாலு விரல் உயரம். நாகஜோதியின் முறைமாப்பிள்ளையும் அவன்தான். பட்டாளத்துக்குப் போகிற வாரத்தில் இரண்டு வீட்டாரும் கூடிப் பரிசம் போட்டார்கள். அந்தப் பந்தலில் ஓடி ஓடிப் பாயசம் ஊற்றியது முத்தரசுதான். அவன் மட்டும் சாப்பிடாமல் போனதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு பேரையும் ஒரே மலை உச்சிக்குப் போட்டார்கள். எட்டுப் பேர் கொண்ட சின்னக் காவல் முகாம். எட்டுப் பேருக்கு நாலே நாலு நல்ல பனிக்கோட்டு. மீதி வருகிறது, வருகிறது என்று இரண்டு குளிர்காலம் சொன்னார்கள். மண்ணெண்ணெய் அளந்துதான் வரும். பூட்ஸ் கிழிந்தால் நூல் போட்டுத் தைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு அனுப்பியது போகக் கையில் நிற்கிற சம்பளத்தில் சொந்தமாக ஒரு கோட்டு வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே இரண்டு பேருக்கு ஒரு கோட்டு. யார் காவலில் நிற்கிறானோ அவன் போட்டுக்கொள்வான். முத்தரசுக்கும் வீரபாண்டியனுக்கும் சேர்த்து ஒன்று. காலருக்கு உள்ளே இரண்டு பேர் பெயரையும் மார்க்கர் பேனாவால் தமிழில் எழுதி வைத்திருந்தார்கள்.

காவல் இரண்டு மணி நேரம். மாற்று ஆள் பின்னால் வந்து இடது தோளில் இரண்டு தரம் தட்ட வேண்டும். அந்தக் காற்றில் பேசினால் காதில் விழாது, அதனால் தட்டுவதுதான் பேச்சு. தட்டியதும் நிற்கிறவன் கோட்டைக் கழற்றி வந்தவனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். தட்டியவன் அந்த இடத்தில் நின்றாக வேண்டும். தட்டு விழுகிற வரைக்கும், வானமே இடிந்து விழுந்தாலும், நிற்கிறவன் இடத்தை விட்டு நகரக் கூடாது.

வீரபாண்டியன் நகரவில்லை. மூன்றாவது வருஷம் ஒரு மதியம், பன்னிரண்டு மணிக் காவலில், பனிப்புயலில் நின்றபடியே செத்துப்போனான்.

ஊரில் அவனுக்கு வாசல் நிறைய பேனர் வைத்தார்கள். பள்ளிக்கூட மேடைக்கு அவன் பேர். நாலு வருஷம் முடிந்து முத்தரசு ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கியபோது டீக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ வீரபாண்டியனோட கூட்டாளிதானே?"

உயிரோடு திரும்பி வந்தவனுக்கு ஊரில் அதுதான் பேர்.

* * *

மூன்றாம் நாள் காலை செந்தாமரை கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துவிட்டுப் போனாள். மதியம் அந்தக் காலடிச் சத்தம் தொடங்கியதும், பல்லைக் கடித்துக்கொண்டு முத்தரசு வளவு வரைக்கும் வந்தான். எலியாக இருக்கும், மரம் வெயிலில் விரிகிற சத்தமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

வளவில் வெயில் தகித்தது. காலடியில் ஆத்தங்குடிக் கல் மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது.

கண்ணாடியில் ஒரு வட்டம் பனித்திருந்தது. யாரோ முகத்தைக் கிட்டே வைத்து மூச்சு விட்டாற்போல. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே வட்டம் சுருங்கியது. பிறகு விரிந்தது. மறுபடி சுருங்கியது.

அவன் வாய்க்கு நேராக இல்லை அது. அதற்கு நாலு விரல் மேலே இருந்தது.

அந்த நிலைமையிலும் முத்தரசுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எரிச்சல்தான். செத்தும்கூட என்னைவிட உயரமாகத்தான் நிற்கிறாயா என்று தோன்றியது. தோன்றிய அந்த நொடியில் குளிர் இன்னும் இறுகியது. அவன் வாயிலிருந்தும் புகையாக மூச்சு வந்தது. சித்திரை மாதத்தில், பட்டப்பகலில்.

அவன் திரும்பி ஓடினான். ராத்திரி எட்டு மணிக்கு மாற்றுக்கு வந்த வாட்ச்மேன் அழகுசுந்தரத்திடம் விசாரித்துப் பார்த்தான்.

"உள்ள ஏதாச்சும் சத்தம் கேக்குமாண்ணே?"

"எனக்கா? நான் படுத்தா எங்குட்டு இடி விழுந்தாலும் கேக்காது தம்பி."

அந்த வேலையை விட்டுவிடலாம். ஆனால் விட்டுவிட்டு என்ன செய்வது? காரைக்குடியில் வாடகை வீடு. நாகஜோதி ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறாள். இந்த வேலையும் போனால் மாமனார் வாயைத் திறந்துவிடுவார். அவர் வாயைத் திறந்தால் முதலில் வரும் பேர் வீரபாண்டியன்தான்.

பன்னிரண்டாம் நாள் நடையின் இருட்டில் அவனைப் பார்த்தான்.

முதுகுதான் தெரிந்தது. வெறும் கம்பளிச் சட்டை, கோட்டு இல்லை. தோளிலும் தலையிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அந்த உருவம் கால் மாற்றிக் கால் மாற்றித் தட்டிக்கொண்டு இருந்தது. பல் கிடுகிடுக்கிற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை.

இடது தோளை மட்டும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தது.

தட்டு என்று.

* * *

நாகஜோதியைக் கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முத்தரசு நம்பியிருந்தான். வீரபாண்டியன் செத்து இரண்டு வருஷம் கழித்து, அவளுடைய அப்பா அரை மனதாகத்தான் கொடுத்தார். அவள் ஏன் சரி என்றாள் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோனது. வீரபாண்டியன் கடைசியாக என்ன சாப்பிட்டான், என்ன பேசினான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் முத்தரசுதான்.

"கடைசியா அவுக என்ன சொன்னாக?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாள்.

"எத்தன தடவ சொல்றது ஜோதி? ஒண்ணும் சொல்லல."

"கோட்டக் கழட்டி எறிஞ்சாகன்னீகளே. ஏன் எறிஞ்சாக?"

"குளிரு முத்திப்போனா உடம்பு தீயா எரியும். போட்டுருக்க துணியக் கழட்டி எறிஞ்சுருவாக. அங்க நெறையப் பேருக்கு நடக்கும். காத்துல அந்தக் கோட்டு எங்க போச்சோ."

அவள் கண் கலங்கி எங்கேயோ பார்ப்பாள். அந்தப் பார்வை எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும். தன் வீட்டில், தன் சம்பளத்தில் வாங்கிய பாயில், தன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் இன்னொருத்தனோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று தோன்றும். உயிரோடு இருப்பவன் என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவனை என்ன செய்ய முடியும்? அவனுக்குச் சம்பளம் குறைவு என்று யாரும் ஏசுவதில்லை. அவனுக்கு வயசு ஆகாது, தொப்பை விழாது, ஒரு நாளும் கோபம் வந்து கையை ஓங்க மாட்டான்.

இன்னொன்றும் உண்டு. அடுப்படியில் நிற்கும்போது அவள் பின்னால் வந்து அவனுடைய இடது தோளில் இரண்டு தரம் தட்டி, "தள்ளுங்க, நான் பாத்துக்கிறேன்" என்பாள். வீரபாண்டியன் போனில் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. ஒவ்வொரு தரமும் முத்தரசுக்கு உள்ளே சுருக்கென்று குத்தும். இவள் தட்டுகிற தோள் யாருடையது?

அந்த ராத்திரி, நடையில் பார்த்ததை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தான். சொன்னால் அவள் பயப்பட மாட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே ஓடுவாள். அதனால்தான் சொல்லவில்லை.

* * *

நடந்தது என்ன என்பது முத்தரசுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குக் காலையில் வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. நாலு வருஷம் முடிகிறவர்களில் நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அந்த முகாமில் யார் பேர் வரும் என்று சுபேதார் விசாரித்துச் சொன்னார். வீரபாண்டியன் பேர் வருமாம். முத்தரசு பேர் வராதாம்.

பன்னிரண்டு மணிக்கு வீரபாண்டியன் மாற்று ஆளாக வந்தான். தோளில் இரண்டு தட்டு. பனியில் முகமெல்லாம் சிரிப்பு. காதருகில் குனிந்து கத்தினான்.

"மாப்ள! நீ மொதல்ல ஊருக்குப் போயி என் கல்யாணப் பந்தலுக்கு ஏற்பாடு பண்ணு! நான் லீவு போட்டுட்டு வாரேன்!"

கேலிக்குத்தான் சொன்னான். அதில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. அதுதான் முத்தரசுக்கு இன்னும் எரிந்தது. கோட்டைக் கழற்றிக் கொடுக்க ஜிப்பில் கை வைத்தான். கை நின்றது.

"ஜிப் சிக்கிக்கிச்சு மாப்ள. கீழ போயிக் கழட்டிக் கொண்டாறேன். நீ நில்லு."

வீரபாண்டியன் நம்பினான். நின்றான்.

கொஞ்சம் நடுங்கட்டும் என்றுதான் நினைத்தான் முத்தரசு. அரை மணி நேரம், அவ்வளவுதான். பங்கருக்குள் அடுப்புப் பக்கத்தில் அந்தக் கோட்டோடு படுத்தான். மற்றவர்கள் சாமான் தூக்கக் கீழே போயிருந்தார்கள். வெளியே காற்று எழுந்தது. கோட்டுக்குள் கதகதப்பாக இருந்தது. கண் செருகியது.

விழித்தபோது ஐந்து மணி. இரண்டு மணிக்கு மாற்ற வேண்டிய ஆளை அவன் மாற்றவில்லை.

மேலே ஏறிப் பார்த்தான். வீரபாண்டியன் நின்றுகொண்டுதான் இருந்தான். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. தட்டுக்காக.

முத்தரசு அழுதான். பொய்யாக இல்லை, மெய்யாகவே அழுதான். பிறகு ஜிப்பைக் கீழே இழுத்தான். அது எந்தச் சிக்கலும் இல்லாமல் இறங்கியது. கோட்டைச் சுருட்டித் தன் பைக்கு அடியில் திணித்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட ஓடினான். காற்றோடு போன கோட்டு என்று முகாமிலும் எழுதிக்கொண்டார்கள். அதை எறிந்துவிட எத்தனையோ தரம் நினைத்தும் கை வரவில்லை. ஊர் வந்த தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. வீரபாண்டியனிடமிருந்து அவன் ஜெயித்த ஒரே பொருள் அது. நாகஜோதியைக் கணக்கில் சேர்க்க அவனுக்கே கூச்சமாக இருந்தது.

* * *

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. பதினொன்றரைக்குப் போன் அடித்தது. நாகஜோதி. அன்று கடைக்கு லீவு போட்டிருந்தாள்.

"வெயிலு நல்லா அடிக்குதேன்னு பெட்டித் துணியெல்லாம் ஒலத்தப் போட்டேன்." குரல் தட்டையாக இருந்தது. "அடியில ஒரு கோட்டு கெடக்கு. காலர்ல அவுக பேரு இருக்கு."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"காத்துல போச்சுன்னீக."

"ஜோதி, நான் வந்து சொல்றேன்…"

"நீங்க வர வேணாம். நான் வாரேன். அங்கயே இருங்க."

போன் நின்றுபோனது. முத்தரசு முன்கேட்டில் வந்து நின்று தெருவையே பார்த்தான். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தான். வேறு கோட்டு என்று சொல்லலாம். அவன் நினைவாக வைத்திருந்தேன் என்று சொல்லி அழலாம். பன்னிரண்டு அடித்தது. உள்ளே கால் தட்டும் சத்தம் தொடங்கியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டரை ஆகியும் தெருவில் யாரும் வரவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்வாசலில் யாராவது வந்து பேசினால் சூப்பர்வைசர் ஏசுவார், எப்போதாவது வந்தால் பின்வாசல் வழியாக வா என்று அவளிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். பின்வாசலில் பகலில் கொண்டி மட்டும்தான். வெளியே இருந்து கையை விட்டு நீக்கலாம்.

வீட்டின் மறுகோடியில் கதவு கிரீச்சிட்டது.

முத்தரசு ஓடினான். வளவைத் தாண்டி, நடை தொடங்கும் இடத்தில் வந்து நின்றான்.

இத்தனை நாள் முதுகு காட்டி நின்றவன் அன்று அவனைப் பார்த்து நின்றான்.

இமையெல்லாம் பனி. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் முத்தரசைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே, தூரத்தில் எதையோ காவல் பார்த்தது. முத்தரசு தட்டுவான் தட்டுவான் என்று பார்த்து அலுத்துப்போய்த் தோளை அங்குட்டுத் திருப்பிக்கொண்டானோ என்னவோ.

அவனுக்குப் பின்னால், நடையின் மறுமுனையில் நாகஜோதி. கையில் அந்தக் கோட்டு.

அவள் நின்றாள். அந்த முதுகைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. பயந்து கத்துவாள் என்று எதிர்பார்த்தான்.

"வீரா?" என்றாள்.

அந்தக் குரல். கல்யாணமாகி இந்த எட்டு மாதத்தில் ஒரு தரம்கூட, ஒரே ஒரு தரம்கூட, முத்தரசுக்குக் கிடைக்காத குரல்.

அவள் நடந்து வந்தாள். இடது தோள் இறங்கிக் காத்திருந்தது. அவள் கை தானாகவே உயர்ந்தது. தட்டியவர் அந்த இடத்தில் நின்றாக வேண்டும் என்பது முத்தரசுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அது அன்பாகத் தட்டுகிற தட்டு, அவ்வளவுதான். முத்தரசுக்கும் அந்தத் தோளுக்கும் பத்து அடி இருந்தால் அதிகம். ஓடி முதலில் தட்டிவிடலாம். ஓட வேண்டாம், "தட்டாத" என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும்.

வாயைத் திறந்தான்.

'வீரா' என்ற அந்தக் குரல் இன்னும் காதுக்குள்ளேயே இருந்தது.

தட்டட்டும் என்று நினைத்தான்.

இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்கு மேல் இல்லை.

ஒரு தட்டு.

"ஜோதி!" என்று அப்போதுதான் கத்தினான்.

இரண்டாவது தட்டு.

கால் தட்டுகிற சத்தம் நின்றது. வீரபாண்டியனின் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு மெல்ல வந்தது. திரும்பி, அவள் கையிலிருந்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டான். பிறகு முத்தரசின் தோளை உரசிக்கொண்டு, வளவைக் கடந்து, வெயிலுக்குள் நடந்து போனான். முத்தரசின் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருக்கலாம், கழுத்தைப் பிடித்திருக்கலாம். பார்க்கிற அளவுக்குக்கூட அவனுக்கு முத்தரசு ஒரு ஆளாகத் தெரியவில்லை.

நடையில் நாகஜோதி நின்றாள். அவன் நின்ற அதே கல்லின் மேல்.

"ஜோதி, வா. போயிரலாம். வா."

அவள் அவனைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த பார்வை. பிறகு மெல்லத் திரும்பி, அவனுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

சற்று நேரத்தில் அவள் செருப்பில்லாத கால் மாற்றிக் கால் மாற்றித் தட்டத் தொடங்கியது.

* * *

இரண்டு மணிக்கு நடை காலியாக இருந்தது. பின்வாசலில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது. அதை எடுத்துச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டான். அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள் என்று மாமனாரிடம் சொன்னான். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோதும் அதையே சொன்னான். இந்த மாதிரி விஷயங்களைத் தடுமாறாமல் சொல்வது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

நாலாம் நாள் வீரபாண்டியனின் அம்மா விசாலி போன் செய்தாள்.

"தம்பி முத்தரசு, வீராவோட கோட்டு நம்ம வீட்டுக் கொடியில தொங்குதுப்பா. காலர்ல ஒங்க ரெண்டு பேரு பேரும் இருக்கு. நீ கொண்டாந்து போட்டியா?"

"இல்லம்மா."

"ஈரமா இருக்கு. மூணு நாளா வெயில்ல கெடக்கு, இன்னும் காயல. வெள்ளிக்கெழம சாயந்தரம் யாரோ வாசல்ல பூட்ஸு கழட்டுற சத்தம் கேட்டுச்சுப்பா. அதுலேருந்து எனக்கு நல்லாத் தூக்கம் வருது."

முத்தரசு போனை வைத்தான். செத்த பிறகும் வீடு திரும்ப அவனுக்கு ஒரு வீடு இருந்தது.

கம்பெனியில் காரைக்குடியிலேயே வேறு இடம் தருகிறோம், ஏசி அறை, நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, சம்பளமும் கூட என்றார்கள். அவன் வேண்டாம் என்றுவிட்டான். செந்தாமரை ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"அந்தக் கண்ணாடிய என்னான்னு பாருங்க தம்பி. யாரோ மூச்சு விட்டாப்புல படியுது. தொடச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள மறுக்காப் படியுது. இருவது வருசத்துல இப்புடிப் பாத்ததில்ல." அதோடு அவளும் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அந்த வட்டம் இப்போது அவன் வாய்க்கு நாலு விரல் மேலே இல்லை. முத்தரசின் தோள் உயரத்தில் இருக்கிறது. நாகஜோதி அவன் பக்கத்தில் நின்றால் அவள் வாய் சரியாக அங்கேதான் வரும்.

தினமும் பன்னிரண்டு மணிக்கு அவன் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போகிறான். நடையில் அவள் முதுகு தெரியும். மெல்லிய சேலை, தலையில் வெள்ளையாகப் பனி. ஒரு கை நீளத்துக்குப் பின்னால் போய் நிற்கிறான். பல் கிடுகிடுப்பது கேட்கிறது. இரண்டு தட்டு போதும். அவள் போய்விடலாம், அவன் நின்றுகொள்ளலாம்.

கை உயர்கிறது. தட்டினால் இவள் எங்கே போவாள் என்று அப்போது தோன்றும். காரைக்குடிக்குப் போக மாட்டாள். கொடியில் அந்தக் கோட்டு தொங்குகிற வீட்டுக்குத்தான் போவாள்.

கை இறங்கிவிடுகிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்கிறான்.

அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. இடது தோளை மட்டும் சற்று இறக்கிக் கொடுத்தபடி, கால் மாற்றிக் கால் மாற்றித் தட்டிக்கொண்டு நிற்கிறாள். வேறு யாருக்காகவும் இல்லை, அவனுக்காகத்தான் காத்துக்கொண்டு நிற்கிறாள்.